ஓடினவன் எழுதிய ஸ்கோர்

1979இல் 15 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணியில் கடைசி ஆளாக என்னையும் சேர்த்திருந்தார்கள். ஒரு மட்ச்சில் கைக்குள் வந்த பிடியை விட்டேன்; இரண்டு ஓவர் கழித்து இன்னொன்று. தேநீர் இடைவேளையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டேன். மிச்சப் பத்துப் பேரும் நின்று தோற்றார்கள். அப்புறம் ஒரு மாதம் மைதானப் பக்கம் தலைகாட்டவில்லை.

அணிக்குப் பொறுப்பு எங்கள் வேதபாட மாஸ்ரர். ஏசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். அப்போஸ்தலர் பவுலின் பயணப் படத்தை நான் கீறியிருந்த கொப்பி அவர் கையில் விரிந்து இருந்தது. "இவ்வளவு பொறுமை உள்ளவன் ஸ்கோர் எழுதலாம். சனிக்கிழமை வா" என்றார். அவ்வளவுதான்.

ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஓவர் முழுக்க ஓட்டமே இல்லையென்றால் ஆறு புள்ளிகளையும் கோடிழுத்து இணைத்து 'எம்' ஆக்க வேண்டும். அதில் விக்கெட்டும் விழுந்தால் 'டபிள்யூ'. முதல் நாள் நான் தேடியது, விட்ட பிடியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று. அப்படி ஒரு கட்டமே இல்லை.

பிறகொரு நாள் வகுப்பில் வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம். முதற் பயணத்தில் பம்பிலியாவில் வைத்து விட்டுவிட்டுப் போன மாற்குவை மறுபடி கூட்டிப்போக மாட்டேன் என்கிறார் பவுல். பவுலோடு கூடப் பயணம் போன பர்னபா விடவில்லை. சண்டை முற்றிப் பிரிந்து, மாற்குவோடு சீப்புருத் தீவுக்குக் கப்பலேறுகிறார்.

"மாற்கு பர்னபாவின்ர சொந்தக்காரன் எண்டபடியால்தானே சேர்?" என்றான் பின்வாங்குக்காரன் ஒருவன்.

"ஓம், அதுவும் இருக்கும்" என்று சிரித்தார் மாஸ்ரர். பிறகு 2 தீமோத்தேயு 4ஐத் திறக்கச் சொன்னார். கட்டுண்டிருந்த பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோசனமானவன் என்று எழுதுகிற இடம். பதினாறே அதிகாரத்தில் சுவிசேஷம் எழுதியதும் அந்த மாற்குதான் என்பது சபையின் பாரம்பரியம்.

"ஓடினவன்தான் எழுதினவன்" என்றார், என் பக்கம் திரும்பாமலே கரும்பலகையை அழித்தபடி.

இன்று லண்டனில் கணக்கு எழுதித்தான் பிழைக்கிறேன். வயது போகப் போக, பவுலின் பக்கமும் நியாயம் இருந்ததாகவே படுகிறது. அன்று வெயிலில் நின்ற பத்துப் பேரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசக் கன நாள் எடுத்தது.

அன்றைய கப்டன் இப்போது டொரொன்டோவில். போன கோடையில் அங்கே போயிருந்தபோது, "மச்சான், நீ ஓடாமல் நிண்டிருந்தா அண்டைக்கு வெண்டிருப்பம்" என்றான். அடுத்த நிமிடம் ஒரு ஸ்கோர் புத்தகத்தை நீட்டினான். மகனுடைய மட்ச்சாம், எழுத ஆள் இல்லையாம்.