காலையில் வருபவர்களுக்கு

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அக்கா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எக்ஸ்ரே மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை.

மெஷின் பேனலில் 80 கேவி (எக்ஸ்ரே குழாய்க்குப் போகும் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்) வைத்து எக்ஸ்போஷர் கொடுத்தால் மீட்டர் 75-க்கும் 85-க்கும் நடுவில் காட்ட வேண்டும். ஏஇஆர்பி, அதாவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், வைத்த வரம்பு அது. ஐந்துக்கு மேல் விலகினால் ஃபெயில். அன்று காலை பத்தரைக்கு, ஓபி கூட்டத்துக்கு நடுவே இருபது நிமிடம் கேட்டு வாங்கி மூன்று முறை பார்த்தேன். 85.6, 85.9, 85.4. லைட் ஃபீல்டு, லீக்கேஜ், டைமர் என்று மற்ற சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. இது ஒன்றுதான் இடித்தது.

பழைய மெஷின். லைன் வோல்டேஜ் ஏறினால் கேவியும் ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். அது தெரிந்துதான் "சாயங்காலம் இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றேன். தெரிந்துதான் என்று எழுதவே எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. ஆறரை மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போட்டு வோல்டேஜ் தணிந்தபோது 84.5, 84.7, 84.4. ரிப்போர்ட்டில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான். சாயங்காலக் கணக்கை எழுதினேன்.

"பாஸ், அக்கா" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கதிர்வீச்சைத் தடுக்கும் லெட் ஏப்ரனை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டே கேட்டார்: "அப்போ காலைல வர்றவங்களுக்கு, தம்பி?"

அங்கே ஓபி மதியம் ஒரு மணியோடு முடிந்துவிடும். சாயங்காலம் அந்த அறைக்கு வருவது விபத்து கேஸ் ஒன்றோ இரண்டோ.

என் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. மீட்டருக்கே 2 சதவீதம் பிழை உண்டு. 80-ல் அது 1.6 கேவி. 85.6 காட்டியது உண்மையில் 84 ஆகவும் இருந்திருக்கலாம். 87 ஆகவும் இருந்திருக்கலாம், அந்தப் பக்கம் நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. டோஸ், அதாவது உடம்பில் படும் கதிர்வீச்சு, ஏறத்தாழ கேவியின் வர்க்கத்தில் கூடும், ஆக 14 சதவீதம் அதிகம். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.02 மில்லிசீவர்ட். அதில் 14 சதவீதம் என்பது மண்ணும் வானமும் அரை நாளில் நமக்குத் தருகிற கதிர்வீச்சு, அவ்வளவே. ஃபெயில் போட்டால் மெஷின் நிற்கும். சர்வீஸ் ஒப்பந்தம் வேறு முடிந்திருந்தது. கால் ஒடிந்து வருகிறவரை 40 கிலோமீட்டர் அனுப்ப வேண்டும். இப்படி வரிசையாகச் சொல்லிப் பார்க்கும்போது நான் செய்தது சரி என்றுதான் படுகிறது.

ஆனால் இடுப்பு வலி என்று வருகிறவருக்கு எடுக்கும் முதுகெலும்புப் படத்துக்கு டோஸ், மார்புப் படத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். அரை நாள் அங்கே ஒரு மாதத்தை நெருங்கிவிடும். தவிர, பேனலில் காட்டுவதை மெஷின் செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஐந்து கேவி. ஆபத்து குறைவு என்று நானே கணக்குப் போட்டுத் தாண்டிப் போக அதில் இடமில்லை. ஃபிலிம் காலத்தில் டோஸ் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது சாஃப்ட்வேர் சமன் செய்து படத்தை அழகாகவே கொடுக்கிறது. டாக்டருக்கும் தெரியாது, படுத்திருக்கிறவருக்கும் தெரியாது. அதனால்தானே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுகிறார்கள்?

நான் பேசாமல் நின்றதைப் பார்த்து அவரே சொன்னார்: "நான் காலைல நாலு குறைச்சுத்தான் வைப்பேன் தம்பி. நான் லீவு போட்டா வர்ற பொண்ணுக்குத்தான் தெரியாது."

எவ்வளவு கதிர் விழுந்தது என்று படத்தோடு வரும் எண்ணை, எக்ஸ்போஷர் இண்டெக்ஸை, பார்த்துப் பார்த்து, மீட்டர் இல்லாமலே பிடித்திருக்கிறார். சில நாள் அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. காலையில் வந்தவர்களை அவர் பார்த்துக்கொண்டார் என்று. பிறகு அந்தப் பெண்ணின் நினைப்பு வரும். அவரிடம் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பேனலில் ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டியிருக்கலாம். பாஸ் என்று எழுதிய மெஷினில் எதை ஒட்டுவது?

இப்போதெல்லாம் எங்கே போனாலும் கேவியை ஓபி நேரத்திலேயே பார்த்துவிடுகிறேன். அந்த ஊர் மெஷினின் அடுத்த ரிப்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. என் நோட்டில் அந்த மூன்று எண்களும் இருக்கின்றன, பக்கத்தில் 'காலை 10.30' என்று.