மருந்தடிக்காத முதல் நாற்பது நாள்

மாரி மழையோடு செய்யும் காலபோக நெல்லுக்கு முதல் பூச்சிமருந்து எப்போது விழுகிறது என்று கிளிநொச்சியிலோ துணுக்காயிலோ கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: விதைத்து இருபது இருபத்தைந்து நாளில், முதல் யூரியா போட்ட கையோடு. இலையில் வெள்ளைக் கோடு தெரியும், நுனி சுருண்டிருக்கும், பக்கத்து வயல்காரர் நேற்றே தெளிகருவியைக் கழுவி வைத்திருப்பார். கடையில் போய்ச் சொன்னால் மூன்று போத்தலைக் கலந்து அடிக்கச் சொல்லுவார்கள். அந்த மருந்தை எதைப் பார்த்து நிறுத்தலாம், எந்த இடத்தில் நிறுத்தக்கூடாது என்பதை, வயலில் செய்து வந்த ஒழுங்கிலேயே எழுதுகிறோம்.

சும்மா இருக்கிற வேலை விதைப்புக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. புரட்டாதியில் பின்னேர இடியோடு ஒரு மழை கொட்டும். மண் மணக்கும், எல்லாருடைய உழவு மெசினும் ஒரே நாளில் இறங்கும். வன்னி மேட்டு வயலின் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் அதை உழுதால் சக்கரம் போன தடம் அடியில் இறுகித் தட்டாகிவிடும், மேலே வந்த கட்டி அந்தப் போகம் முழுக்க உடையாது. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டிப் பாருங்கள். பென்சில் மொத்தத்தில் திரியாக நீண்டால் புழுதி உழவுக்கு அது சரிவராது. ஒன்றில் காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிறையும்வரை இருந்து சேற்று உழவாகச் செய்ய வேண்டும்.

விதைப்பும் அப்படியே. முதல் மழையில் மண் எவ்வளவு ஆழம் நனைந்திருக்கிறது என்று மண்வெட்டியால் நாலு இடத்தில் வெட்டிப் பார்க்கலாம். விரற்கடை அளவுதான் ஈரம் என்றால் அந்த ஈரம் விதையை முளைக்க வைக்கும், வளர்க்காது. பின்னால் பத்து நாள் வெயில் வந்தால் முளை கருகி, விதைநெல்லுக்கு இரண்டாம் முறை அலைய வேண்டிவரும்.

விதையின் அளவில்தான் முதல் மிச்சம் கிடைக்கிறது. சேற்று விதைப்புக்கு ஏக்கருக்கு 2 புசல், அதாவது ஏறக்குறைய 41 கிலோ, போதும். ஆனால் நூறு நெல்லை ஈரச்சாக்கில் சுற்றி வைத்து ஏழாம் நாள் எண்ணும்போது 85-க்குக் குறையாமல் முளைத்திருக்க வேண்டும். பலர் 4 புசல் எறிகிறார்கள். பயிர் நெருங்கினால் ஒவ்வொரு செடியும் மட்டம் வெடிப்பது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டு விடுவது, குறையும், அடியில் காற்று போகாது, அந்த ஈர இருட்டு, அடித்தண்டில் சாறு குடிக்கும் தத்திப் பூச்சிக்குத் தோதான வீடு. புழுதி விதைப்பில் குருவியும் எறும்பும் பங்கு கேட்கும், வயலும் மட்டமாக இருக்காது. அங்கே 3 புசல் போடுவதைக் குறை சொல்ல மாட்டோம்.

களைக்கு இந்தப் பொறுமை எதுவும் பொருந்தாது. கோழிச்சூடனும் கோரையும் இரண்டு மூன்று இலையில் இருக்கும்போதே அடக்கப்பட வேண்டும். பிறகு பார்ப்போம் என்று விட்டால் அறுவடை வரைக்கும் தீராது. களைநாசினியோ தண்ணீர் கட்டுவதோ கைக்களையோ, எதுவென்றாலும் முதல் மூன்று கிழமைக்குள் செய்யுங்கள். கீழே சொல்லப்போகும் ‘விடுதல்’ பூச்சிக்கு மட்டும்.

முதலில் வருவது பனிப்பூச்சி. மழை இல்லாத நாட்களில், பயிர் ஒரு சாண் வருமுன்னே இலை நுனி ஊசிபோலச் சுருளும். கையை நனைத்துப் பயிரின் மேலாகத் தடவினால் கறுப்புப் புள்ளியாக உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முதல் மருந்து தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் இருந்தால் பயிர் மூழ்க ஒரு நாள் கட்டி வடிய விடலாம். ஒரு பெருமழை பெய்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும், புது இலை நேராக வரும். மழையும் இல்லை, குளத்துத் தண்ணீரும் இல்லை, வயலில் பெரும்பகுதி நுனியிலிருந்து காய்ந்து வருகிறது என்றால் அது வேறு நிலை. அப்போது நாலு செடியைப் பிடுங்கிக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியரிடம் போய்க் காட்டுவதுதான் சரி.

அடுத்து மடிச்சுக்கட்டி, இலையை மடித்து உள்ளே இருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும் புழு. பயமுறுத்துவதில் இதற்கு நிகர் இல்லை. வரம்பில் நின்று பார்த்தால் வயல் வெளுத்துப்போய்க் கிடக்கும். “என்ன தம்பி, வயல் வெள்ளையாக் கிடக்குது, இன்னும் அடிக்கேல்லையோ?” என்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்பார்கள். மட்டம் வெடிக்கும் பருவத்தில் நெல் சில நாளுக்கு ஒரு புது இலை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வயதில் இழந்த இலையை அது தானே ஈடுகட்டிக்கொள்ளும், விளைச்சலில் பெரும்பாலும் தெரியாது. விளைச்சலைத் தாங்குவது கடைசியாக வரும் கொடியிலையும் அதற்கு அடுத்த இரண்டும். அவை வருமுன் நடக்கும் சேதத்துக்கு மருந்தடிப்பது காசைத் தண்ணீரில் கரைப்பதுதான்.

மனம் கேட்கவில்லை என்றால் மடிந்த இலை பத்தைப் பிரித்துப் பாருங்கள். சிலதில் புழுவே இருக்காது, கூட்டுப்புழுவாகி முடிந்திருக்கும். சிலதில் புழுவின் பக்கத்தில் அரிசிக்குருணை போல வெள்ளைக் கூடு ஒட்டியிருக்கும். அது குளவி இனத்துச் சிறு ஒட்டுண்ணி ஒன்றின் வேலை. அந்தப் புழுவின் கணக்கு முடிந்துவிட்டது. உயிரோடு பச்சைப் புழு உள்ள இலை பத்தில் எத்தனை என்பதுதான் கேள்வி, வயல் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதல்ல. வெளுப்பு கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அந்தத் தலைமுறை பெரும்பாலும் தின்று முடித்திருக்கும்.

தண்டு துளைப்பானுக்கும் இதே கணக்கு, ஆனால் இரண்டு கட்டமாக. மட்டம் வெடிக்கும்போது நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். நூறு மட்டத்தில் பத்துக்குள் அப்படி இருந்தால் விட்டுவிடலாம், பயிர் புது மட்டம் விட்டுச் சரிக்கட்டும். கதிர் வந்த பிறகு அதே புழு வெட்டினால் வெண்கதிர் நிமிர்ந்து நிற்கும். அந்தக் கதிர் திரும்ப வராது. வெண்கதிரைக் கண்டபிறகு ஓடிப்போய் மருந்து வாங்குவதைத்தான் ஒவ்வொரு போகமும் காண்கிறோம். புழு தண்டுக்குள்ளே, மருந்து வெளியே, கதிர் ஏற்கனவே செத்தது.

இவ்வளவு ஏன் நிறுத்தச் சொல்கிறோம் என்பதற்குக் காரணம் அறக்கொட்டியான், புத்தகத்தில் கபிலநிறத் தத்தி. அது செடியின் அடியில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாறு குடிக்கும், இலை மடலின் உள்ளே முட்டை இடும். இருபதாம் நாள் இலைப்புழுவுக்கென்று மேலாக அடிக்கும் மருந்து மடலுக்குள் இருக்கும் முட்டையைத் தொடாது. தொடுவது வயலில் ஓடித் திரியும் சிலந்தியை, தண்ணீர் மேல் நடக்கும் பூச்சியை, ஊசித்தும்பியை, தத்தியின் முட்டையை உறிஞ்சும் சின்னப் பச்சைப் பூச்சியை. ஒரு கிழமை கழித்து முட்டை பொரிக்கும்போது குஞ்சைத் தின்ன வயலில் ஆள் இல்லை. மாதத்துக்கு ஒரு தலைமுறை என்று பெருகி, கதிர் மடலுக்குள் இருக்கும் குடலைப் பருவத்திலோ பால் பிடிக்கும்போதோ வட்டம் வட்டமாக வயல் எரிந்து விழும். முதல் மருந்துதான் கடைசி மருந்துகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

இது வன்னியில் மட்டும் கண்ட விசயம் அல்ல. இந்தோனேசியாவில் தத்தி பெருகி நெல் அழிந்தபோது 1986-இல் அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தது. வியட்நாமின் மீக்கொங் கழிமுகத்தில் 1990களில் விவசாயிகளிடம் ஒரு சின்னச் சோதனை கேட்டார்கள்: உன் வயலில் ஒரு துண்டை முதல் 40 நாள் மருந்தடிக்காமல் விடு, மிச்சத்தில் வழமைபோல் செய், அறுத்து ஒப்பிட்டுப் பார். நம்பிக்கை வராதவருக்கு நாங்களும் அதையே சொல்வோம். மூலையில் கால் ஏக்கர் போதும். நடுவில் ஒரு வரம்பு இருக்கட்டும், காற்றோடு மருந்து வராத பக்கமாகப் பாருங்கள்.

விடும் நாட்களில் கால் நனையத்தான் வேண்டும். கிழமைக்கு இரண்டு தரம், காலை வெயில் ஏறுமுன், மூலைக்கு மூலை நடந்து பத்து இடத்தில் குனியுங்கள். வரம்போரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். செடியை இரண்டு பக்கமாக விலக்கி அடியில் தட்டினால் தத்தி தண்ணீரில் விழுந்து மிதக்கும், எண்ணலாம். சிலந்தியையும் பச்சைப் பூச்சியையும் தனியாக எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். அவசரக்காரர் அந்தப் பச்சைப் பூச்சியையும் தத்தி என்று எண்ணிவிடுவார். கபில நிறமா பச்சையா என்று கிட்டப் பார்ப்பது முக்கியம். ஒரு மட்டத்துக்கு ஒரு தத்தி அல்லது அதற்குக் குறைவு என்றால் இன்னும் நேரம் இருக்கிறது.

அதைத் தாண்டி, இரண்டு பார்வையிலும் ஏறிக்கொண்டே போனால் இனி விடக்கூடாது. முதலில் தண்ணீரை மூன்று நாலு நாள் வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். அதிலும் அடங்காவிட்டால் மருந்து. போதனாசிரியர் தத்திக்கென்று சொல்வதை மட்டும், வேறொன்றோடும் கலக்காமல், பயிரை விலக்கிக் குழாய்முனை அடிக்குப் போகும்படி, கூடிய இடத்திலும் அதைச் சுற்றியும் அடிக்க வேண்டும். மேலாக விசிறிவிட்டுப் போனால் சிலந்திதான் சாகும். அறுவடைக்கு ஒன்றரைக் கிழமைதான் இருக்கிறது என்றால் மருந்தை விட்டு வெட்டு மெசினைத் தேடுங்கள்.

யூரியாவுக்கும் தத்திக்கும் உறவு நெருக்கம். கடும்பச்சையாக, கறுத்துக் கிடக்கும் வயலைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம், பூச்சிக்கும் எரிபந்த நோய்க்கும் அதுதான் அழைப்பு. வெளிர்பச்சையிலிருந்து கடும்பச்சை வரை எண்ணிட்ட நிறங்கள் உள்ள இலை நிற அட்டை கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். முற்றாக விரிந்த மேல் இலையை, உங்கள் உடம்பு நிழலில், பத்துச் செடியில் வைத்துப் பார்க்க வேண்டும். விதைப்பு நெல்லுக்கு மூன்றாம் நிறம் எல்லை. ஆறு அல்லது கூடிய இலைகள் அதைவிட வெளிறியிருந்தால் போடலாம், இல்லாவிட்டால் ஒரு கிழமை பொறுத்து மறுபடி பார்க்கலாம். மார்கழி மப்பில், வாய்க்கடை (வரம்பில் தண்ணீர் போகும் வழி) நிரம்பி ஓடும்போது நாள் வந்துவிட்டதென்று யூரியா எறிபவர் கீழ் வயலுக்குப் பசளை போடுகிறார். 2021-இல் இரசாயனப் பசளை ஒரேயடியாக நிறுத்தப்பட்டதை இதனோடு குழப்ப வேண்டாம். பயிர் பசித்திருக்கிறதா என்று பார்க்காமல் நிறுத்தியது அது, அந்தக் காலபோகத்து விளைச்சல் விழுந்ததை எல்லாரும் கண்டோம்.

தண்ணீரில் குறைத்துச் செய்வது மழை குறைந்த சிறுபோகத்தில்தான் கூடப் பயன்படும். இரணைமடுக் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இவ்வளவு ஏக்கர் என்று முடிவாகும் போகம் அது. 30 சென்ரிமீற்றர் நீளத்தில், 10 முதல் 15 சென்ரிமீற்றர் அகலமான பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துக் கீழ்ப்பாதியில் சுற்றிவரத் துளையிட்டு, பாதி மண்ணுக்குள் போகும்படி இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். வயல் மேலே காய்ந்து வெடித்துக் கிடந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும். அது நிலமட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை பாய்ச்சத் தேவையில்லை. இறங்கியதும் 5 சென்ரிமீற்றர் கட்டினால் போதும். பூக்கும் காலத்தில், முன்னும் பின்னும் ஒரு கிழமை, இந்த விளையாட்டை நிறுத்தித் தண்ணீர் வைத்திருங்கள்.

இதில் பலர் தவறுவது முறைத் தண்ணீரில். உங்கள் முறை இன்று, குழாயில் 10 சென்ரிமீற்றர்தான் இறங்கியிருக்கிறது, அடுத்த முறை ஏழு நாள் கழித்து. 15 ஆகவில்லையே என்று வாய்க்கடையைத் திறக்காமல் விட்டால் ஆறாம் நாள் பயிர் வாடும். குழாயையும் நாட்காட்டியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வயல் மட்டமில்லாதவர் குழாயை மேட்டில் வையுங்கள், பள்ளத்தில் வைத்தால் அது எப்போதும் நல்ல செய்தியே சொல்லும்.

நெல் பூக்கும்போது காலை ஒன்பதிலிருந்து நண்பகல்வரை வயலுக்குள் இறங்காமல், எதையும் தெளிக்காமல் இருங்கள், மகரந்தம் மாறும் நேரம் அது. பால் பிடிக்கும்போது மூட்டுப்பூச்சியின் நாற்றம் வரம்பிலேயே தெரியும். அப்போதுதான் பார்க்கவும், கூடியிருந்தால் காலையிலோ பின்னேரமோ நடவடிக்கை எடுக்கவும் வேண்டும். மணி இறுகிய பிறகு அது இருந்தாலும் பறந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அறுவடையில் பொறுமைக்கு இரண்டு பக்கமும் விலை உண்டு. கதிரில் நூற்றுக்கு 80 முதல் 85 மணி பொன்னிறமாகும்போது வெட்டலாம், அதற்குப் பத்துப் பதினாலு நாள் முன்னரே தண்ணீரை நிறுத்தியிருக்க வேண்டும். மெசின் பக்கத்து வயலுக்கு வந்துவிட்டது என்பதற்காகப் பச்சையில் வெட்டினால் சப்பியும் உடைந்த அரிசியும் கூடும். மெசினைப் பிந்தவிட்டால் நெல் கொட்டும், தைமாதத்துக் கடைசி மழையில் படுத்த பயிர் கதிரிலேயே முளைக்கும். வெட்டியதைப் போட்டு வைக்கப் போகிறீர்கள் என்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கும்வரை காயவிடுங்கள்.

பிறகு வைக்கோல். எல்லாரும் ஒரு நெருப்புக்குச்சியோடு வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. மெசின் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போனதைத் தடியால் கலைத்து, வயல் முழுக்கப் பரத்திவிட்டு, மாடு மேய்வது மேய, மிச்சம் அப்படியே கிடக்கட்டும்.