களியின் நடுவில் நிற்கும் சூடு: அளந்து பார்த்த அனுபவம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ராகிக் களி உண்டு வளர்ந்த எவருக்கும், குழம்பு ஆறிப்போன பிறகும் களியின் நடுப்பகுதி விரலைச் சுடும் என்பது தெரியும். களி உண்மையிலேயே தண்ணீரைவிட அதிக வெப்பத்தைத் தக்கவைக்கிறதா, அல்லது அப்படித் தோன்றுகிறதா என்பதை, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளுடன் சேர்ந்து தருமபுரியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் அளந்து வருகிறேன். இதுவரை கிடைத்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒப்பிடும் இரண்டு பொருள்களில் ஒன்றே ஒன்று மட்டும் வேறுபட வேண்டும், மற்ற அனைத்தும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் நியாயமான சோதனையின் அடிப்படை. அதற்காக ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் சம்படங்களை எடுத்து, இரண்டையும் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றித் துடைத்து, ஒன்றில் 500 கிராம் தண்ணீரையும் மற்றொன்றில் 500 கிராம் களியையும் வைத்தோம். நொய் சேர்த்தால் கணக்கு சிக்கலாகும் என்பதால் வெறும் ராகி மாவில், எடையில் ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறி, 80 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிய பிறகே சம்படத்தில் காற்று இடைவெளி இல்லாமல் அழுத்தினோம். இரண்டையும் ஒரே மரப்பலகையின் மேல் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினோம். அறையின் வெப்பநிலை 27 டிகிரி.

வெப்பமானிகளையும் முதலில் சோதிக்க வேண்டியிருந்தது. கொதிக்கும் தண்ணீரில் ஒன்று 98 என்றும் மற்றொன்று 99 என்றும் காட்டின. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். தருமபுரி 450 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால் 100 வராதது வெப்பமானியின் குறை அன்று. இரண்டுக்கும் இடையே உள்ள ஒரு டிகிரி வேறுபாடுதான் கவலை தந்தது. அது ஒரு பக்கமே சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு முறையும் வெப்பமானிகளை இடம் மாற்றி அளந்து, சராசரியை எடுத்துக்கொண்டோம்.

மூடி இல்லாமல் அரை மணி நேரம் வைத்தபோது தண்ணீர் 58 டிகிரிக்கு இறங்கியது. களியின் நடுப்பகுதி 69-இல் நின்றது. ஊரில் சொல்வது சரி என்று அந்த இடத்திலேயே முடித்திருக்கலாம். ஆனால் அண்ணன் மகள், “தண்ணியில இருந்து மட்டும் இவ்வளவு ஆவி போகுதே சித்தப்பா, அதைக் கணக்குல எடுக்க வேண்டாமா?” என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி அது. சம்படங்களைத் தராசில் வைத்துப் பார்த்தபோது தண்ணீர் 12 கிராமும் களி 5 கிராமும் எடை குறைந்திருந்தன. ஒரு கிராம் நீர் ஆவியாக, கொதிநிலையில் சுமார் 2260 ஜூல் தேவை. அதற்குக் கீழே உள்ள வெப்பநிலைகளில் சற்றுக் கூடுதலாகவே தேவை. அப்படியானால் அந்த 12 கிராம் நீர் ஏறக்குறைய 27 கிலோஜூல் ஆற்றலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. 500 கிராம் தண்ணீர் 80-இலிருந்து 58-க்கு, அதாவது 22 டிகிரி குளிர்ந்தால் இழக்கும் வெப்பமோ மொத்தம் 46 கிலோஜூல்தான். பாதிக்கும் மேற்பட்ட வெப்பம் ஆவியாகவே போயிருக்கிறது! களியின் மேற்பரப்பில் ஆடை படர்ந்து காய்ந்துவிடுவதால் அங்கே ஆவியாதல் மட்டுப்படுகிறது.

எனவே இரண்டையும் மூடி போட்டு மீண்டும் அளந்தோம். இம்முறை அரை மணி நேரத்தில் தண்ணீர் 68, களியின் நடுப்பகுதி 72. பதினொரு டிகிரியாக இருந்த இடைவெளி நான்காகச் சுருங்கிவிட்டது. களியில் சம்படத்தின் ஓரத்தை ஒட்டி வெப்பமானியைச் செருகினால் 64 டிகிரிதான் இருந்தது. தண்ணீரில் நடுவுக்கும் ஓரத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்க, சூடான தண்ணீர் மேலே எழும் வெப்பச்சலனம் களிக்குள் நடக்க வழியில்லை. நடுவில் இருக்கும் சூடு, பொருள் நகராமல் சூடு மட்டும் அடுத்த பகுதிக்குப் பரவும் வெப்பக்கடத்தல் வழியாக மட்டுமே, மெதுவாக, வெளியே வர வேண்டியிருக்கிறது.

1790-களில் ரம்ஃபோர்டு பிரபு எனப்பட்ட இயற்பியலாளர் பெஞ்சமின் தாம்சன், கெட்டியான அரிசிக் கஞ்சி வாயைச் சுட்டதிலிருந்தும், வேகவைத்த ஆப்பிள் நெடுநேரம் சூடாக இருப்பதிலிருந்தும் இதே கேள்விக்கு வந்தார். தண்ணீரில் ஸ்டார்ச்சைக் கலந்து, அதன் ஓட்டம் தடைபட்டால் வெப்பம் பரவுவதும் தாமதமாகிறது என்று கண்டார். நீர்மங்களில் வெப்பக்கடத்தலே கிடையாது என்று அவர் வந்த முடிவு பிற்காலத்தில் ஏற்கப்படவில்லை. ஆனால் சோதித்த முறையை இன்றும் ஒரு மாணவர் அப்படியே பின்பற்றலாம்.

எனக்கு மிகவும் நிறைவளித்தது அடுத்த சோதனை. மூடி போட்டு அரை மணி நேரம் கழிந்ததும், களியை விரைவாக ஒருமுறை கிளறி அளந்தோம். நியாயத்துக்காகத் தண்ணீரையும் அதேபோல் கலக்கினோம். களி 67, தண்ணீர் 68. ஒரு டிகிரி வேறுபாடு எங்கள் வெப்பமானிகளின் பிழைக்குள் அடங்குவதால் இரண்டும் சமம் என்றே குறித்துக்கொண்டேன். இத்தனைக்கும் மாவின் தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம்) தண்ணீரினுடையதைவிடக் குறைவு என்பதால், ஒரே எடையில் ஒரே அளவு குளிரும்போது களி வெளிவிடும் வெப்பம் தண்ணீர் வெளிவிடுவதைவிடக் குறைவு. மூடிய சம்படத்தில் களி கூடுதலாக எதையும் சேமித்து வைக்கவில்லை. ஓரத்தை ஆறவிட்டு நடுவைக் காக்கிறது, அவ்வளவே.

உருண்டை வடிவத்துக்கும் இதில் பங்குண்டு. 300 கிராம் களியை உருண்டையாகப் பிடித்தால் மேற்பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால், அடிப்பக்கத்தையும் சேர்த்து 400-ஐத் தாண்டிவிடும். இதைக் கணக்காக மட்டுமே போட்டிருக்கிறோம். அடுத்ததாக, ஒரே அடுப்பில் கிளறிய களியை இப்படி இரண்டு வடிவங்களில் வைத்து அளக்க வேண்டும். தட்டும் மரப்பலகையும் மாறாமல் பார்த்துக்கொள்வது அண்ணன் மகளின் பொறுப்பு.