நடுவட்டத்தில் நின்ற பஸ், ஒரு சாயத்தண்ணி, சே குவேரா

ஊட்டி–கூடலூர் பட்ஜெட் பயணத்தைப் பற்றி எந்த பஸ், எவ்வளவு செலவு, எங்கே தங்கலாம் என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஊர் திரும்பி இரண்டு நாள் ஆகியும் மனசை விட்டுப் போகாமல் இருப்பது வழியில் நடுவட்டத்தில் கழிந்த மூன்று மணி நேரம்தான். அதனால் மற்றதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகாதீர்கள், செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பூஜை விடுமுறையில் ஊட்டிக்குப் போகவே போகாதீர்கள். மற்ற நாளில் 900 ரூபாய் என்ற அறைக்கு 2,200 வாங்கினார்கள். வெந்நீர் காலையில் ஒரு மணி நேரம்தான், அதுவும் வெதுவெதுப்பாக. மூன்று நாளைக்கு வைத்திருந்த பணத்தில் பாதி முதல் ராத்திரியே காலி.

மறுநாள் காலை கூடலூர் பஸ். என் சீட் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறவில்லை. பைக்காரா தாண்டியதும் மேகம் அப்படியே உள்ளே வந்தது. எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. நெஞ்சில் விசில் ஆரம்பித்ததும் பையில் கைவிட்டேன், இன்ஹேலர் இல்லை. ஊட்டி அறையில் தலையணைக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நடுவட்டம் பஜாருக்கு வந்ததும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, "பிரேக்ல ஏர் நிக்க மாட்டேங்குது, கீழே இறக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அங்கிருந்துதான் கூடலூர் இறக்கம் ஆரம்பம். அவர் செய்தது சரி. ஆனால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதற்கு கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பாருங்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அடுத்து வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஒரு ஜீப்காரர் கூடலூருக்கு 1,500 கேட்டார். எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்த பிறகு கேட்ட விலை அது. பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு இது அநியாயம். ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

எதிரே ஒரு டீக்கடை. கடைக்கார அக்கா என்னைப் பார்த்ததுமே பெஞ்சைக் காட்டி, "பேசாத புள்ள, உக்காரு" என்றார். ஒரு சொம்பு வெந்நீர். அப்புறம் பால் சேர்க்காத கறுப்புத் தேநீர், இஞ்சி தட்டிப் போட்டது. சாயத்தண்ணி என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலோனிலிருந்து வந்த குடும்பம் என்று புரிந்தது. இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுக்காகத்தான் 1968-ல் அரசு இந்த மலையில் தேயிலை போட ஆரம்பித்தது. அரசுத் தேயிலைக் கழகமான இன்றைய டான்டீ அதிலிருந்து வந்தது.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தேங்காய்த் துருவல் போட்டுப் பிசைந்து கல்லில் சுட்ட தடித்த ரொட்டி, அம்மியில் அரைத்த செத்தல் மிளகாய்ச் சம்பல். ஒரு ரொட்டி 15 ரூபாய். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. ஊட்டியில் முதல் நாள் 280 கொடுத்துச் சாப்பிட்ட பிரியாணியை இதன் பக்கத்தில் வைக்கவே கூடாது. நாலு சாப்பிட்டேன்.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் சுவரைப் பார்த்தேன். முருகன் காலண்டர். பக்கத்தில் சட்டம் போட்ட சே குவேரா, கியூபப் புரட்சித் தளபதி, நட்சத்திரத் தொப்பியோடு. இரண்டுக்கும் ஆளுக்கொரு டேலியாப் பூ. "யாருக்கா வெச்சது?" என்று கேட்டேன். "மாமா" என்று மூலையைக் காட்டினார். கம்பளித் தொப்பியும் மப்ளருமாக உட்கார்ந்திருந்த அந்த ஐயாவுக்கு எண்பதை ஒட்டி வயதிருக்கும்.

"அவரு சிலோனுக்கு வந்தாரு, தெரியுமா?" என்றுதான் ஆரம்பித்தார். தெரியும். புரட்சி ஜெயித்த 1959-லேயே கியூபா அவரை ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. டெல்லியில் நேருவைப் பார்த்தார், ஆகஸ்டில் இலங்கை போய் ஹொரணைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் நட்டார். ஐயா அப்போது பள்ளிக்கூடப் பையன், ஹட்டன் பக்கம். நேரில் பார்க்கவில்லை. "தோட்டத்துக்கு வந்து மரம் நட்ட தலைவரு வேற யாரு? அதுக்குத்தான் பூ" என்றார். அப்புறம், "அவரத்தான் சி.ஐ.ஏ. சுட்டுப் போட்டுருச்சே."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். எனக்கு சே மேல் பிடிப்பு வந்ததே ஆஸ்துமாவால்தான். ஓடக்கூடாது, மலை ஏறக்கூடாது என்று எல்லோரும் தடுத்த வயதில், மூச்சுத் திணறலோடு காட்டில் நடந்த ஒருவரைப் பற்றிப் படித்தேன். அன்றிலிருந்து அவருடைய கடைசி நாட்களைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். "சுட்டது பொலிவியா ராணுவத்து சார்ஜென்ட், மரியோ டெரான்னு பேரு. கொல்லச் சொன்னது அந்த நாட்டு ஜனாதிபதி பாரியண்டோஸும் தளபதிகளும் ஐயா" என்றேன்.

அவர் விடவில்லை. "தோட்டத்துல பத்துச்சீட்டு குடுக்கறது கணக்கப்பிள்ளதான். குடுக்க வெச்சது யாருன்னு லயத்துல அத்தன பேருக்கும் தெரியும்." பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நிறுத்தும் சீட்டு. கணக்கப்பிள்ளை தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவர், லயம் தொழிலாளர் வீட்டு வரிசை.

அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் பேசியிருப்போம். எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். பொலிவியாவிலும் புரட்சி நடத்தத்தான் சே அங்கே போயிருந்தார். 1967-ல் பொலிவியாவுக்கு வந்த அமெரிக்கச் சிறப்புப் படைக் குழு, மேஜர் ரால்ஃப் ஷெல்டன் தலைமையில், கைவிடப்பட்ட ஒரு சர்க்கரை ஆலையில் சுமார் 650 ரேஞ்சர் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. சேயைப் பிடித்தது அந்தப் படைதான். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. அனுப்பிய இரண்டு பேர், ஃபெலிக்ஸ் ரோட்ரிகஸ், குஸ்தாவோ வில்லோல்டோ, இருவரும் கியூபாவிலிருந்து வெளியேறியவர்கள். பிடிபட்ட ஒரு போராளியை விசாரித்துத் தெரிந்துகொண்டதை வைத்து, படையை எங்கே அனுப்பவேண்டும் என்று சொன்னதே தான்தான் என்கிறார் ரோட்ரிகஸ். பொலிவியாவின் உள்துறை மந்திரி அர்கேதாஸே சி.ஐ.ஏ.வோடு தொடர்பு வைத்திருந்தவர். 1968-ல் அதை அவரே ஒப்புக்கொண்டார்.

அக்டோபர் 8-ல் காலில் குண்டடி பட்டுப் பிடிபட்ட சேயை லா இகேரா கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மண் தரையில் கட்டிப் போட்டார்கள். மறுநாள் காலை ரோட்ரிகஸ் ஹெலிகாப்டரில் வந்து, அவருடைய நாட்குறிப்பைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தார். பொலிவியா ராணுவத் தலைமையிலிருந்து ரேடியோவில் வந்தது இரண்டு எண்: 500, 600. 500 என்றால் சே, 600 என்றால் கொல். அந்த உத்தரவைக் காதில் வாங்கியதும், முகத்தில் சுடாதே, கழுத்துக்குக் கீழே சுடு, சண்டையில் செத்த மாதிரி இருக்கட்டும் என்று டெரானிடம் சொன்னதும் தானே என்று ரோட்ரிகஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். உயிரோடு வை, விசாரிக்கவேண்டும் என்பதுதான் தனக்கு வாஷிங்டனிலிருந்து வந்த கட்டளை என்றும் சொல்கிறார்.

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பங்கே இல்லை என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உயிரோடு கேட்டது இரக்கத்தாலா? விசாரிக்க. தேடிக் கண்டுபிடிக்க ஆள், பயிற்சி, ரேடியோ, துப்பு எல்லாம் கொடுத்து, கட்டிப் போட்ட மனிதனோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு, துப்பாக்கி என் கையில் இல்லையே என்றால் எப்படி? அதற்காக பாரியண்டோஸைத் தப்ப விடவும் எனக்குச் சம்மதம் இல்லை. சி.ஐ.ஏ. என்ற மூன்றெழுத்தைச் சொல்லிவிட்டால் சொந்த நாட்டுத் தளபதிகள் செய்தது மறைந்துபோகிறது. ஐயாவிடம் இதைச் சொன்னேன். "கணக்கப்பிள்ளயையும் விட்ற முடியாது, சரிதான்" என்றார்.

ஆஸ்துமா விஷயத்தைச் சொன்னபோது மட்டும் அக்கா அடுப்பை விட்டு வந்து நின்றார். ஆகஸ்ட் 14-ஆம் தேதியைச் சே கறுப்பு நாள் என்று எழுதுகிறார். அவர்கள் ஒளித்து வைத்திருந்த பொருட்களை ராணுவம் கண்டுபிடித்துவிட்டது, அதில் அவருடைய ஆஸ்துமா மருந்தும் போயிற்று. இனி எத்தனை நாள் மருந்தில்லாமல் இழுக்கவேண்டும் என்று தெரியாது. அப்படித்தான் கடைசி வரை நடந்தார். ஒரு மணி நேரம் இன்ஹேலர் இல்லாமல் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு, இத்தனை வருஷமாகப் படித்தது அன்றைக்குத்தான் நெஞ்சில் இறங்கியது. அவருக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மாதம்.

பிடிபடுவதற்கு முந்தின நாள் குறிப்பில் ஆடு மேய்க்க வந்த ஒரு கிழவி வருகிறாள். யாரிடமும் சொல்லாதே என்று 50 பெசோ கொடுக்கிறார்கள். சொல்லாமல் இருப்பாள் என்ற நம்பிக்கை அவர்களுக்கே இல்லை. பல நாள் குறிப்புகளைப் போலவே கடைசிக் குறிப்பையும் உயரத்தோடு முடித்திருக்கிறார்: 2,000 மீட்டர். போனில் பார்த்தேன், நடுவட்டமும் கிட்டத்தட்ட அதே உயரம். பக்கத்துக் காட்டில் நிற்கும் சிங்கோனா மரங்களின் பூர்வீகமும் அந்த ஆண்டீஸ் மலைதான். வெள்ளைக்காரன் மலேரியா மருந்தான கொய்னாவுக்காக 1860-களில் கொண்டுவந்து நட்டது, சீனக் கைதிகளை வேலை வாங்கி. அந்தப் பழைய சிறைக் கட்டடத்தைப் பார்க்கவேண்டும் என்றுதான் நடுவட்டத்தைத் திட்டத்தில் சேர்த்திருந்தேன். பார்க்கவில்லை.

"உடம்ப என்ன பண்ணாங்க?" என்று அக்கா கேட்டார்.

வாயேகிராந்தே ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் கொட்டகையில், சிமெண்ட் தொட்டி மேல் கிடத்தி ஊரையே வரிசையில் விட்டுக் காட்டினார்கள். சண்டையில் பட்ட காயத்தால் செத்தார் என்று சொன்னார்கள். அடையாளத்துக்கு என்று இரண்டு கைகளையும் வெட்டி எடுத்துக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக விமான ஓடுதளத்துப் பக்கம் புதைத்துவிட்டார்கள். கைகள் 1970-ல் கியூபா போய்ச் சேர்ந்தன. அனுப்ப வழி செய்தது அதே அர்கேதாஸ். எலும்புகள் 1997-ல்தான் கிடைத்தன, கை இல்லாமல். இப்போது கியூபாவில் சாந்தா கிளாராவில் இருக்கிறார். சாகும்போது 39 வயது.

அக்கா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "அவங்கம்மா இருந்தாங்களா?" என்றார். இல்லை, இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார் என்றேன். "நல்லவேள" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனார்.

கூடலூர் பஸ் வந்தது, ஒரு சீட் காலியாக இருந்தது. நாலு ரொட்டிக்கு 60 வாங்கினார்கள். வெந்நீருக்கும் இரண்டு சாயத்தண்ணிக்கும் எவ்வளவோ சொல்லியும் வாங்கவில்லை. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலையாக மெடிக்கலில் இன்ஹேலர் வாங்கினேன். முதுமலைக்கு வைத்திருந்த காசு அதோடு தீர்ந்தது. அங்கே இன்னொரு முறைதான் போகவேண்டும். போகும்போது நடுவட்டத்தில் இறங்குவேன், ஐயாவுக்கு ஹொரணைத் தோட்டத்தில் சே மரம் நடும் போட்டோவைப் பெரிதாக பிரிண்ட் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.