மேசைக்கு முன்னால் ஆளைப் பார்

கோவையில் வீடுகளுக்கு உள்ளலங்கார வேலை செய்கிறேன். 2020 மார்ச் வரைக்கும் வீட்டுக்குள் ஆபீஸ் ரூம் வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள் டாக்டர், ஆடிட்டர், வக்கீல்தான். ஊரடங்கு போட்ட பிறகு இரண்டு படுக்கையறை வீட்டுக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது புது வேலை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, பின்னால் நல்ல சுவர், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதலில் செய்தது வடவள்ளியில் ஒரு வீடு. மேற்கு ஜன்னலில் மலை தெரிந்தது. மலையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யட்டும் என்று ஆசைப்பட்டு, மேசையை ஜன்னலுக்கு நேராகப் போட்டேன். மூன்று மணிக்கு மேல் வெயில் நேரே கண்ணில் அடித்திருக்கிறது. திரையை இழுத்துவிட்டால் மலையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆடி மாதம் வந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு அந்த ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற காற்று அது. ஆறு மாதம் கழித்து ஒரு அலமாரி வேலைக்காக அங்கே போனேன். நான் போட்ட மேசையில் இஸ்திரி போட்ட துணி அடுக்கியிருந்தது. வீட்டுக்காரர் படுக்கையறையில் கட்டிலோரம் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

அதிலிருந்து மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில்தான் போடுகிறேன். வெளிச்சம் தோள் பக்கமாக வந்தால் கண்ணும் கூசாது, ஸ்கிரீனிலும் பளபளக்காது. முடிந்தால் வடக்கு ஜன்னல். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கோவை 11 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்து விழும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும்.

என் வேலையையே மாற்றியது சோமனூர் பக்கத்து வீடு. வீட்டை ஒட்டியே தறிக் கொட்டகை. மகனுக்கு மாடியில் ஆபீஸ் ரூம் போட வேண்டும் என்றுதான் கூப்பிட்டார்கள். டேப்பும் கையுமாகச் சுற்றும்போது கீழ் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் இரண்டு தலையணை, மேலே லேப்டாப், கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்த நீள ஒயர். மருமகள் குனிந்து உட்கார்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மகன் தினமும் மில்லுக்குப் போகிறவர். வீட்டிலிருந்து நாள் முழுக்க வேலை பார்ப்பது இந்தப் பெண்!

மாமியாரிடம்தான் பேச்சைத் தொடங்கினேன். "அம்மிணி அந்தக் கட்டுல்லயே கெடக்கறா சாமி, முதுகு என்னத்துக்காகும்? நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார். மருமகள் மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பெரிய ரூமெல்லாம் வேண்டாமுங்க சார். நான் பேசினா எக்கோ அடிக்குது, தறிச் சத்தமும் கேக்குதுன்னு மீட்டிங்ல சொல்றாங்க. அதைமட்டும் சரி பண்ணிக் குடுங்க."

மாடி வரைபடத்தை மடித்து வைத்துவிட்டேன். தறிக்கு எதிர்ப்பக்கம், முன்பு தானிய மூட்டை அடுக்கிய ஒரு சின்ன அறை இருந்தது. தடித்த பழைய சுவர், வடக்கே சிறு ஜன்னல். ஜன்னலைப் பெரிதாக்கினோம். பழைய மரக்கதவைக் கழற்ற விடவில்லை. பிளைவுட் கதவை விட கனமான மரம் சத்தத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் கதவடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் கனத்த கதவும் பயனில்லை. நிலைக்கு ரப்பர் பட்டை, அடியில் பிரஷ் பட்டை வைத்தோம்.

எக்கோ வேறு விஷயம். அது வெளியிலிருந்து வருவதல்ல, வெறும் சுவரிலும் டைல்ஸ் தரையிலும் நம் குரலே பட்டுத் திரும்புவது. வீட்டுப் பெட்டியில் பவானி ஜமக்காளம் ஒன்று மடித்துக் கிடந்தது. அதை அவருக்கு எதிர்ச் சுவரில் தொங்கவிட்டோம். அன்று சாயங்காலமே, பேசும்போது குரல் அடங்கி நின்றது.

மேசை உயரத்துக்கு ஆசாரியோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. "எப்பவும் முப்பது இஞ்ச்தானுங்க" என்றார். அந்தப் பெண் ஐந்து அடி. முப்பதில் தோளைத் தூக்கித்தான் டைப் அடிக்க முடியும். பாதம் தரையில் படும்படி நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தேன். 25 அங்குலம். மேசையை 26-இல் முடித்தார். பிளக் பாயிண்டுகளை மேசை மட்டத்துக்கு ஏற்றி, ரூட்டருக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுத்தோம்.

எல்லாம் முடிந்த பிறகு மாமியாருக்கு ஒரு சந்தேகம். "கதவச் சாத்திட்டா, உள்ள மீட்டிங்கா சும்மாவான்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்?" எனக்குத் தோன்றாத கேள்வி. கதவின் மேல் பலகையில் ஆறு அங்குலத்துக்கு ஒரு தடித்த கண்ணாடி பதித்தோம்.

போன மாதம் போயிருந்தேன். அந்த அம்மா டீ டம்ளரோடு வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். மருமகள் காதில் ஹெட்போன் இருந்தது. தட்டவில்லை. டம்ளர் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.