நாலு பாட்டிலைச் சுத்தம் செய்த கதை

மண்ணில் ஊறிய கரைப்பானைச் சிதைக்க, பெர்மாங்கனேட் என்ற ஊதா நிற மருந்தை நிலத்தடிக்குள் இறக்கி மூன்றாவது வாரம். நாலு கண்காணிப்புக் கிணற்றிலும் பெர்குளோரோஎத்திலீன், அதாவது அந்தக் கரைப்பான், 'இல்லை' என்று லேப் ரிப்போர்ட். ட்ரை கிளீனிங் கரைப்பான் வருஷக்கணக்காகக் கசிந்து ஊறிய மண் இவ்வளவு சீக்கிரம் தெளியுமா என்று யோசிக்காமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

லேபில் இருந்தவர்தான் பேச்சுவாக்கில் கேட்டார். "தண்ணி லேசா ரோஸ் கலர்ல வந்துச்சே, அஸ்கார்பிக் அமிலம் போட்டீங்களா?"

போடவில்லை. மாதிரித் தண்ணீரில் மிச்சமிருக்கும் மருந்தை முறிக்கத்தான் அதைப் போடுவது. மிச்சமிருந்த பெர்மாங்கனேட், வண்டியில் போகும்போதே பாட்டிலுக்குள் இருந்த கரைப்பானைத் தின்று முடித்திருக்கிறது. ஆக, நான் சுத்தம் செய்தது நாலு பாட்டில்.

மறுபடி மாதிரி எடுத்தோம். இரண்டு கிணற்றில் கரைப்பான் நன்றாகவே இருந்தது. காரணம் தேடினால் அதுவும் எங்கள் கைவேலை. மண் தன் பங்குக்கு எவ்வளவு மருந்தைக் குடிக்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, மணல் பகுதியிலிருந்து மட்டும் மண் கொடுத்திருந்தோம். நடுவே கறுப்பாக ஒரு மட்கு அடுக்கு இருந்தது. பெர்மாங்கனேட்டுக்கு மட்கும் ஒன்றுதான், கரைப்பானும் ஒன்றுதான். பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துபோனது. சோதனைக்கு ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் மண் கொடுங்கள்.

அனுமதிக் கோப்பும் ஒருமுறை திரும்பி வந்தது, குரோமியத்தின் ஆரம்ப அளவு இல்லையென்று. அன்றைக்கு அந்த அதிகாரி மேல் பயங்கர எரிச்சல். ஆனால் மண்ணில் சாதுவாகக் கிடக்கும் குரோமியத்தை இந்த மருந்து நச்சான ஆறு இணைதிறன் வடிவமாக்கித் தண்ணீரில் கரைத்துவிடலாம். முன்பே அளந்து வைக்காவிட்டால், ஏற்கெனவே இருந்த குரோமியமும் நம் கணக்கில்தான் ஏறும்.

துளையிடுவது, கலக்குவது எல்லாம் இரண்டாம் சுற்றில் தடையில்லாமல் நடந்தது. களிமண்ணில் இறங்கவில்லையென்று ஆபரேட்டர் பம்ப் அழுத்தத்தை ஏற்றும் வரை. சரியாக மூடாத ஒரு பழைய போர்க் குழியிலிருந்து ஊதாத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தது! பெர்மாங்கனேட்டை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் கரைசலைத் தயாராக வைத்திருந்தோம். ஊற்ற ஊற்ற நிறம் போனது. நிறம் இருந்ததால் பிழைத்தோம். இதே வேலைக்குப் பயன்படும் நிறமில்லாத பெர்சல்பேட் என்றால் வெறும் தண்ணீர் என்று நினைத்து மிதித்திருப்போம்.

ஆறு மாதம் ஆகிறது. மூன்று கிணறு சுத்தம். நாலாவதில், களிமண்ணுக்குள் ஊறியது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கசிகிறது. போன வாரம் எடுத்த மாதிரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பெட்டியில் வைத்தேன்.