பழைய கேட்டமரன் ஒன்றை வாங்கி முடித்த கதை

பெருங்கடல் தாண்டக்கூடிய கேட்டமரன், அதாவது இரண்டு ஹல் (படகின் அடி உடல்) கொண்ட பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்குவது என்று நானும் மனைவியும் முடிவெடுத்ததும், விளம்பரப் படங்களில்தான் முதலில் விழுந்தோம். எல்லாப் படகும் அழகாகத்தான் இருக்கிறது. உருப்படியான முதல் வேலை, இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் பேசியதுதான். படகு பார்க்கப் போகும் முன்பே இவரிடம் பேசிவிடுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

அவர் கேட்டதெல்லாம் நாங்கள் யோசிக்காத கேள்விகள். இதற்குமுன் எவ்வளவு நீளப் படகு ஓட்டியிருக்கிறீர்கள்? பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எந்த வருஷத்தவை? அட்லாண்டிக் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம், அப்போது எங்கே நிறுத்துவீர்கள்? எங்கள் பதில்களை வைத்து, மிகப் பெரிய படகுகளும் மிகப் பழைய படகுகளும் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டன. வருத்தம்தான், ஆனால் தேடல் சுலபமாகிவிட்டது.

சந்தைக்கு வரும் பழைய கேட்டமரன்களில் நிறைய, கரீபியனிலும் மத்தியதரைக் கடலிலும் வாடகைக்கு ஓடியவை. ஐந்தாறு வருஷம் ஓட்டிவிட்டு விற்றுவிடுவார்கள். எஞ்சின் மணிநேரம் அதிகமாக இருக்கும், மெத்தை நைந்திருக்கும். அதற்காக ஒதுக்கத் தேவையில்லை, சர்வீஸ் ஒழுங்காக நடந்திருக்க வாய்ப்புண்டு. எனக்கு இடித்தது நான்கு அறை, நான்கு கழிப்பறை அமைப்புதான். ஒவ்வொரு கழிப்பறைக்கும் ஒரு பம்ப், குழாய்கள், ஹல்லில் துளைகள். ஆகவே ஒரு குடும்பம் குடியிருந்த மூன்று அறைப் படகைத் தேடினோம்.

குடியிருந்த படகில் வேறு சிக்கல். சோலார், தண்ணீர் சுத்திகரிப்பு, டைவிங் சிலிண்டர், டூல்ஸ் என்று வருஷா வருஷம் எடை ஏறிக்கொண்டே போகும். கேட்டமரனுக்கு எடை ஆகாது. வேகம் குறையும், இரண்டு ஹல்லுக்கும் நடுவிலுள்ள அடித்தளம் தண்ணீருக்கு அருகில் இறங்கி, அலை மோதும்போதெல்லாம் படார் படார் என்று அடிக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஹல்லின் அடியில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசிய பெயிண்டின் மேல்விளிம்பைப் பாருங்கள். அதற்கும் மேலே பாசி படர்ந்திருந்தால் படகு சுமையில் அமிழ்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு படகை இதை மட்டும் பார்த்தே விட்டுவிட்டோம்.

பிடித்த படகுக்கு விலை பேசி, சர்வேக்கு, அதாவது நிபுணர் பரிசோதனைக்கு உட்பட்டு என்று ஒப்பந்தம் எழுதி, வழக்கமான 10 சதவீத முன்பணத்தைப் புரோக்கரின் தனிக் கணக்கில் போட்டோம். படகைக் கரையேற்றும் செலவும் சர்வேயர் கூலியும் வாங்குபவர் தலையில்தான். இவ்வளவு அகலமான படகைத் தூக்கும் கிரேன் எல்லாப் படகு பழுதுபார்க்கும் யார்டிலும் இருக்காது, அதற்கே தேதி வாங்கிக் காத்திருந்தோம். சர்வேயரை நாங்களே தேடிப் பிடித்தோம். விற்பவர் தரப்பு கைகாட்டும் ஆள் வேண்டாம்.

அந்த மனிதர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலோடு டெக்கில் மண்டியிட்டு, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்று கணீரென்று வந்த சத்தம், ரெயிலிங் கம்பியின் அடியில் தொப்பென்று மாறியது. ஈரமானி அங்கே வைத்ததும் எகிறியது. மேலும் கீழும் ஃபைபர், நடுவே பால்சா மரம், இதுதான் அந்த டெக். ஸ்க்ரூ வழியாக நீர் கசிந்து உள்ளே மரம் ஊறியிருந்தது. மேல்தோலை வெட்டியெடுத்து, அழுகியதைச் சுரண்டி, உலரவிட்டு, புது மரம் வைத்து ஒட்ட வேண்டும். உள்ளங்கை அகலம்தான் என்றாலும் பில் அப்படி இருக்காது.

அப்புறம் உள்ளே போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்தேன். ஒற்றை ஹல் படகு காற்றடிக்கும்போது சாய்ந்து பாரத்தைக் கொஞ்சம் உதறிவிடும். கேட்டமரன் நிமிர்ந்தே நிற்பதால் அந்த விசை முழுதும் கம்பிகளுக்கும், பாய்மரத்துக்குக் கீழே இரண்டு ஹல்லையும் இணைக்கும் தடுப்புச் சுவருக்கும் போகிறது. அந்தச் சுவர் அசைந்திருந்தால் முதலில் மாட்டிக்கொள்வது பக்கத்துக் கதவுதானாம். எங்கள் படகில் எல்லாக் கதவும் சரியாக மூடின. கம்பிகள் மட்டும் பத்து வருஷம் தாண்டியவை, மாற்றச் சொல்லி எழுதினார்.

எஞ்சினில் கவலை தந்தது சேல்டிரைவின், அதாவது எஞ்சினிலிருந்து ஹல்லைத் துளைத்துக் கீழே இறங்கிப் புரொப்பெல்லரைச் சுழற்றும் பகுதியின் ரப்பர் சீல். ஹல்லின் துளையில் கடலைத் தடுத்து நிற்பது அதுதான். வோல்வோ பென்டா இதை 7 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. மாற்றியதற்கு ரசீது கேட்டோம், இல்லை. எஞ்சினை நகர்த்திச் செய்யும் வேலை, அதுவும் இரண்டு எஞ்சினுக்கு. கடல் ஓட்டம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை, பாய்களைப் பற்றி அதிகம் தெரியவில்லை.

அறிக்கையை வைத்து டெக், கம்பி, சீல் மூன்றுக்கும் யார்டில் மதிப்பீடு வாங்கி, அதைக் காட்டி விலை குறைக்கச் சொன்னோம். குஷன் கிழிசல், கீறல் எதையும் இழுக்கவில்லை. விற்பவர் பாதிக்கு மேல் ஒத்துக்கொண்டார்.

காகித வேலைதான் இழுத்தது. விற்பவரின் பெயரில்தான் பதிவு இருக்கிறதா, படகின் மேல் கடன் பாக்கி உண்டா, பழைய கொடியின் (படகு இதுவரை பதிவாகியிருந்த நாட்டின்) கீழ் பதிவு நீக்கிய சான்றிதழ், ஐரோப்பிய வாட் வரி கட்டியதற்கான அசல் இன்வாய்ஸ். வலது ஹல்லின் பின்புறம் பொறித்திருக்கும் அடையாள எண்ணையும் நீங்களே படித்துப் பாருங்கள். கடைசி நான்கு எழுத்துகளில் முதலாவது கட்டிய மாதம், ஏ என்றால் ஜனவரி. அடுத்தது வருஷத்தின் கடைசி இலக்கம், மற்ற இரண்டும் மாடல் வருஷம். விளம்பரத்தில் போட்டிருந்தது மாடல் வருஷம், படகு கட்டியது அதற்கு முந்தைய வருஷம்.

பணம் கைமாறிய பிறகும் ஒரு வேலை மிச்சமிருந்தது. ஆபத்தில் சமிக்ஞை அனுப்பும் ஈபிர்ப் கருவி இன்னும் பழைய கொடியின் எண்ணில்தான் இருந்தது. அப்படியே விட்டால் மீட்புக் குழுவின் போன் பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் போகும். சர்வீஸ் சென்டரில் கொடுத்து எண்ணை மாற்றி, எங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டோம்.